டிஎன்3270 ரெஸ்பான்ஸ் டைம்: ரிப்போர்ட்டில் எல்லாம் வேகம், ஃப்ளோரில் எக்ஸ் கடிகாரம்

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட் (கேள்வி)

இசட் ஓஎஸ் (ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் ஆபரேட்டிங் சிஸ்டம்) பக்கம் வேலை பார்ப்பவர்கள் யாராவது கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் மெயின்ஃப்ரேம் நெட்வொர்க் சப்போர்ட்டில் இருக்கிறேன். க்ளையண்ட், அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனம். அவர்களுடைய க்ளெய்ம்ஸ் வேலையில் ஒரு பகுதியை எங்கள் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து நம் பிள்ளைகள்தான் பார்க்கிறார்கள். எல்லாம் பழைய பச்சைத் திரை. 3270 டெர்மினலைப் போல நடிக்கும் எமுலேட்டர் புரோகிராம், டிஎன்3270 என்ற வழியில் மெயின்ஃப்ரேமின் டெல்னெட் சர்வரோடு பேசும். பின்னால் வேலையை ஓட்டுவது சிஐசிஎஸ். பாலிசி எண்ணை அடி, என்டர் தட்டு, அடுத்த திரை.

கொஞ்ச நாளாக ஒரே புலம்பல். என்டர் தட்டினால் அடிவரியில் எக்ஸ் போட்டுக் கடிகாரம் வந்து நிற்கிறதாம், மூன்று நான்கு விநாடி. எல்லா நேரமும் இல்லை, சாயங்காலம் ஷிஃப்ட் நிறைந்த பிறகுதான். ஃப்ளோர் மேனேஜர் டிக்கெட் போடுகிறார். அங்கே சிஐசிஎஸ் டீம் எஸ்எம்எஃப் 110 ரெக்கார்டை (சிஐசிஎஸ் ஓட்டத்தின் பதிவு) எடுத்துக் காட்டி, "டிரான்ஸாக்‌ஷன் 0.1 விநாடியில் முடிகிறது, எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை" என்று மூடிவிடுகிறார்கள். மறுநாள் அதே புகார், வேறு டிக்கெட் எண்ணில்.

இப்போது டெல்னெட் சர்வரிலேயே ரெஸ்பான்ஸ் டைம் அளந்து ரிப்போர்ட் கொடு என்று என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. டெல்னெட் சர்வரின் கான்ஃபிகரேஷன் புரொஃபைலில் மானிட்டர்குரூப் (எதையெல்லாம் அளக்க வேண்டும் என்ற வரையறை) ஒன்று எழுதினேன். சராசரி, பக்கெட் (எத்தனை பதில் எந்த நேர அளவுக்குள் வந்தது என்ற எண்ணிக்கை) இரண்டையும் ஆன் செய்தேன். ஆஃப்ஷோர் யூசர்கள் வரும் சப்நெட் இதுதான் என்று க்ளையண்ட் கொடுத்த ஐபி ரேஞ்சை மானிட்டர்மேப்பில் அந்த குரூப்போடு கட்டினேன். சேஞ்ச் அப்ரூவல் வாங்கி ஓபேஃபைலும் (புது புரொஃபைலை ஏற்றும் கட்டளை) கொடுத்தாயிற்று. எர்ரர் எதுவும் வரவில்லை.

ஆனால் டிஸ்ப்ளே போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட கனெக்‌ஷன்களில் மானிட்டர் விவரமே இல்லை. இருக்கிறவற்றிலும் ஐபி நேரம் சுழியம். ஏன் இப்படி? பக்கெட் பவுண்டரிகளை எவ்வளவில் வைப்பது? டைனமிக் டிஆர் என்று ஒன்று இருக்கிறது, அதை ஆன் செய்தால் லைனில் சுமை ஏறும் என்று எங்கள் மேனேஜர் பயப்படுகிறார். உண்மையா?


பிங்_போதும்

எதுக்கு ப்ரோ இவ்வளவு கஷ்டம். ஃப்ளோரில் ஒரு பிசியிலிருந்து அந்த ஹோஸ்டுக்கு நாள் முழுக்க பிங் ஓட விட்டு கிராஃப் போட்டுக் கொடுங்கள். மேனேஜ்மென்டுக்கு கிராஃப் இருந்தால் போதும்.


மாம்பலம்_விடாம்

கிராஃப் இருந்தால் மேனேஜ்மென்டுக்குப் போதும்தான். மூன்றாவது மாடிக்குப் போதாது.

தம்பி, பிங்கை நம்பி இறங்காதே. பிங் பாக்கெட் சின்னது, அதுவும் ஐசிஎம்பி. ஃபயர்வாலும் ரவுட்டரும் அதை நடத்துகிற விதமே வேறு. 24 வரி, வரிக்கு 80 இடம் உள்ள திரையில் 1920 எழுத்து. ஈதர்நெட்டில் சாதாரணமாக ஒரு டிசிபி பாக்கெட்டில் 1460 பைட்தான் போகும். நிறைந்த திரை ஒன்று வந்து சேர இரண்டு பாக்கெட் வேண்டும். அதில் ஒன்று வழியில் தொலைந்தால், மறுபடி அனுப்பப்படும் வரை ஏஜென்ட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பிங் கிராஃப் பாட்டுக்கு நேர்கோடாக ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில், பாதி கனெக்‌ஷனில் ஏன் ஒன்றும் இல்லை. ஓபேஃபைல் கொடுத்தால் டெல்னெட்டின் புது புரொஃபைல் இனிமேல் வரும் கனெக்‌ஷன்களுக்கு மட்டும்தான் பொருந்தும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள், தாங்கள் வந்தபோது எந்த புரொஃபைல் இருந்ததோ அதிலேயே கிடப்பார்கள். க்ளெய்ம்ஸ் ஆட்கள் லாகாஃப் பண்ணுகிற ஜாதி இல்லை. பிசியை லாக் செய்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள், மறுநாள் அதே செஷனில் வந்து உட்காருவார்கள். புரொஃபைல் எல்லாவற்றையும் காட்டச் சொல்லி டிஸ்ப்ளே கொடு, பழையதில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று தெரியும். டெல்னெட்டை நிறுத்தித் தொடங்க வேண்டாம். வேலை இல்லாத நேரம் பார்த்து அந்த கனெக்‌ஷன்களை மட்டும் டிராப் செய்யச் சொல், திரும்பி வரும்போது புது புரொஃபைலில் வந்து விழுவார்கள்.

அடுத்து ஐபி நேரம் சுழியம். இது அளக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் பிடிபடும். டிஎன்3270-இ (டிஎன்3270-இன் விரிவான வடிவம்) செஷனில் ரெஸ்பான்ஸ் டைமை எப்படி எண்ணுவது என்பதற்கு 1999 ஏப்ரலில் ஆர்எஃப்சி 2562 என்ற இணையத் தர ஆவணம் வந்தது. இன்று எல்லாரும் பின்பற்றுகிற கணக்கு அதுதான்.

டெல்னெட் சர்வர் பஸ் டெப்போ டைம்கீப்பர் மாதிரி. தன் கேட்டைத் தாண்டுகிற நேரம் மட்டும்தான் அவர் நோட்டில் ஏறும், வழியில் நடப்பது ஏறாது. ஏஜென்ட் என்டர் தட்டிய கணம் சர்வருக்குத் தெரியாது. அந்த டேட்டா வந்து விடாம் (சிஐசிஎஸ்ஸுக்கு எடுத்துச் செல்லும் மெயின்ஃப்ரேம் நெட்வொர்க் மென்பொருள்) பக்கம் போகும்போது முதல் நேரக்குறிப்பு. சிஐசிஎஸ் பதில் திரும்பி வரும்போது இரண்டாவது. அந்தத் திரையை எமுலேட்டருக்கு அனுப்பும்போது "கிடைத்ததும் சொல்" என்று டெஃபினிட் ரெஸ்பான்ஸ் கேட்டு அனுப்புகிறார். எமுலேட்டர் "கிடைத்தது" என்று சொல்லி அது வந்து சேரும்போது மூன்றாவது. இரண்டிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஹோஸ்ட் நேரம், மூன்றிலிருந்து இரண்டைக் கழித்தால் ஐபி நேரம்.

என்டர் சர்வருக்கு வந்து சேர்ந்த பயணம் கணக்கிலேயே இல்லையே என்று கேட்பாய். வாஸ்தவம். அதற்கு ஈடாக, "கிடைத்தது" என்ற பதில் வந்து சேர்ந்த பயணம் இருக்கிறது. இரண்டும் ஒரே திசை, ஏறக்குறைய ஒரே நேரம். அதனால் மொத்தத் தொகை, எமுலேட்டர் முன்னால் இருப்பவர் உணர்வதற்குப் பக்கத்தில் வரும்.

இப்போது உன் சுழியத்துக்கு வருவோம். சிஐசிஎஸ் வழக்கமாக எக்ஸெப்ஷன் ரெஸ்பான்ஸில் அனுப்பும், அதாவது கோளாறு இருந்தால் மட்டும் சொல், இல்லாவிட்டால் சும்மா இரு. அப்படி வந்தால் மூன்றாவது நேரக்குறிப்பு விழவே விழாது. டைனமிக் டிஆர் (டிஆர் என்றால் டெஃபினிட் ரெஸ்பான்ஸ்) செய்வது இதைத்தான்: ஹோஸ்ட் கேட்காவிட்டாலும் சர்வர் தன் பொறுப்பில் எமுலேட்டரிடம் பதில் கேட்டு வாங்கிக்கொள்ளும். அது ஆஃப் என்றால் ஐபி நேரம் இல்லை. ஆன் செய்தும் சிலருக்கு இல்லை என்றால், அவர்களுடைய எமுலேட்டர் இ இல்லாத வெறும் டிஎன்3270 ஆக இணைகிறது, அல்லது இணையும்போது ரெஸ்பான்ஸஸ் என்ற ஃபங்ஷனை ஒப்புக்கொள்ளவில்லை. எந்தக் காலத்திலோ உருவாக்கிய எமுலேட்டர் புரொஃபைலைக் காப்பி அடித்துக் காப்பி அடித்து வைத்திருப்பார்கள். அதில் டிஎன்3270-இ டிக் எடுத்துவிடப்பட்டிருக்கும். பார்.

சுமை பற்றி உன் மேனேஜரிடம் இதைச் சொல். அந்தப் பதிலில் தலைப்பு 5 பைட், உள்ளே 1 பைட், முடிந்தது என்று சொல்ல 2 பைட். ஆக 8. டிசிபி, ஐபி தலைப்பு 40 பைட்டையும் சேர்த்தால் 48. டிஎல்எஸ் இருந்தால் இன்னும் கொஞ்சம். திரைக்கு ஒன்று. இதில் விழுந்துவிடுகிற லைன் என்றால் அது எப்போதோ விழுந்திருக்கும்.

பவுண்டரிக்கு வருகிறேன். நான்கு பவுண்டரி, ஐந்து பக்கெட். அந்த ஆர்எஃப்சியின் எம்ஐபியில் (கண்காணிப்பு எண்களின் வரையறைப் பட்டியல்) இருக்கும் டீஃபால்ட் 1, 2, 5, 10 விநாடி. அதை அப்படியே வைத்தால் உன் எல்லா டிரான்ஸாக்‌ஷனும் முதல் பக்கெட்டில் போய்க் குவியும், ஒன்றும் தெரியாது. 1982-லேயே ஐபிஎம்மில் டோஹர்ட்டியும் அவருடைய சகாவும் ஒரு விநாடிக்குள் பதில் வந்தால்தான் ஆளுடைய வேலை ஓட்டம் அறாமல் இருக்கும் என்று எழுதிவிட்டார்கள். அப்படியிருக்க, ஒரு விநாடிக்குக் கீழே கோடே போடாத அளவுகோலை வைத்து என்ன பார்ப்பது? அரை, ஒன்று, இரண்டு, நான்கு என்று வை. எம்ஐபி பத்தில் ஒரு பங்கு விநாடியில் எண்ணும், 10 என்றால் 1 விநாடி. உன் சர்வர் லெவலில் எந்த யூனிட்டில் எழுத வேண்டும் என்று கான்ஃபிகரேஷன் ரெஃபரன்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு எழுது.

சராசரியை மட்டும் தூக்கிக்கொண்டு மீட்டிங்குக்குப் போகாதே. ஒன்பது திரை 0.3 விநாடி, பத்தாவது 4 விநாடி என்றால் சராசரி 0.67. அந்த 0.67 விநாடியை ஃப்ளோரில் ஒருவரும் அனுபவித்திருக்க மாட்டார். அவருக்கு நினைவிருப்பது அந்த 4 விநாடிதான். அதைக் காட்டுவது பக்கெட் மட்டுமே. சராசரிக்கு நகரும் ஜன்னல் ஒன்று உண்டு. எம்ஐபி டீஃபால்ட்டில் 20 விநாடிக்கு ஒரு சாம்பிள், அப்படி 30, மொத்தம் 10 நிமிடம். உன் பிரச்சினை சாயங்காலம் மட்டும் வருவதால் 10 நிமிட ஜன்னல் நல்லதுதான், பெரிதாக்காதே.

எஸ்எம்எஃப் 119 சப்டைப் 21-லும் இந்தக் கணக்கு வந்து விழும். ஆனால் அது செஷன் முடியும்போது எழுதப்படுகிற ரெக்கார்டு. லாகாஃப் செய்யாத உன் ஆட்களுக்கு அது எப்போதோ ஒரு முறைதான் வரும், காலை மாலை எல்லாம் கலந்த கூழாக. அன்றன்றைக்குப் பார்க்க வேண்டும் என்றால் எஸ்என்எம்பி (நெட்வொர்க் கண்காணிப்பு நெறிமுறை) சப்ஏஜென்டைத் திறந்து எம்ஐபியைப் படி, அல்லது க்ளையண்டிடம் ஒமேகமான் என்ற மானிட்டரிங் டூல் இருக்கிறதா என்று கேள்.

ஒரு எச்சரிக்கை. சில சிஐசிஎஸ் அப்ளிகேஷன்கள் என்டர் தட்டியதும் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஒரு திரையைப் போட்டுவிட்டு அப்புறம்தான் உண்மையான பதிலைத் தரும். அப்படி ஏதாவது இருந்தால் கடிகாரம் முதல் திரையிலேயே நின்றுவிடும் அபாயம் உண்டு. டெஸ்ட் ரீஜனில் அந்த டிரான்ஸாக்‌ஷனை மட்டும் தனியாக ஓட்டிப் பார். இது இன்று நேற்று வந்த தலைவலி இல்லை. டெர்மினல்களைச் சேர்த்து இணைக்கிற 3174 கன்ட்ரோலர் காலத்தில் ரெஸ்பான்ஸ் டைம் மானிட்டர் கன்ட்ரோலருக்கு உள்ளேயே இருந்தது. முதல் எழுத்து வந்ததும் நிறுத்து, கீபோர்டு திறந்ததும் நிறுத்து, ஹோஸ்ட் தன் முறையை முடித்ததும் நிறுத்து என்று மூன்று விதம். எது உன் அப்ளிகேஷனுக்குப் பொருந்தும் என்று நெட்வியூ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பெர்ஃபார்மன்ஸ் கிளாஸ் எழுதும்போது முடிவு செய்ய வேண்டும். கடைசி டிரான்ஸாக்‌ஷன் எத்தனை விநாடி என்பதை டெர்மினலின் அடிவரியிலேயே காட்டச் செய்யலாம். ஆபரேட்டருக்குப் பக்கத்திலேயே, கோஆக்ஸ் கேபிள் முனையில் அளந்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரியான இடம். இப்போது நாம் டேட்டா சென்டரில் உட்கார்ந்துகொண்டு பதில் வருவதை வைத்துக் கணக்குப் போடுகிறோம்.

டைனமிக் டிஆர் ஆன் செய்து, பழைய கனெக்‌ஷன்களைக் கழித்துவிட்டு, என்ன எண் வருகிறது என்று இங்கே போடு.


ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்

ரொம்ப நன்றி சார். நீங்கள் சொன்ன இரண்டும் சரி. பழைய புரொஃபைலில்தான் பெரும்பாலானவர்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள், வார இறுதியில் டிராப் செய்யச் சொன்னேன். ஒரு டீமுக்கு மட்டும் எமுலேட்டரில் டிஎன்3270-இ ஆஃப். அதையும் மாற்றியாகிவிட்டது. பவுண்டரி 0.5, 1, 2, 4.

இப்போது எல்லா கனெக்‌ஷனிலும் எண் வருகிறது. ஆனால் எனக்கு இது உதவுமா தெரியவில்லை. சாயங்காலம் புகார் வந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் பார்த்தேன்:

ஹோஸ்ட் நேரம் 0.12 விநாடி. ஐபி நேரம் 0.02. மொத்தம் 0.14. பக்கெட் ஒன்றில் கிட்டத்தட்ட எல்லாமே. நான்கு விநாடிக்கு மேலே உள்ள கடைசி பக்கெட்டில் சுழியம்.

இதைக் கொண்டுபோய்க் காட்டினால் சிஐசிஎஸ் டீம் சிரிக்கும். ஃப்ளோர் மேனேஜர் நான் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டேன் என்பார்.


மாம்பலம்_விடாம்

தம்பி, நீ அனுப்பிய எண்ணில் ஒன்று நடக்கவே முடியாதது. ஐபி நேரம் 0.02.

சென்னைக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நேர்கோடாக எடுத்தாலே 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஃபைபரில் ஒளி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் போகும். போக 65 மில்லிசெகண்டு, வர 65, ஆக 0.13 விநாடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, கடலைச் சுற்றிக்கொண்டு போகும், நடைமுறையில் 200 மில்லிசெகண்டுக்கு மேலேயே இருக்கும். 0.02 விநாடியில் ஒரு எமுலேட்டர் "கிடைத்தது" என்று பதில் சொல்கிறது என்றால், அந்த எமுலேட்டர் சென்னையில் இல்லை.

உன் ஏஜென்ட்கள் எதில் வேலை செய்கிறார்கள்? சொந்த பிசியிலா, இல்லை அமெரிக்காவில் இருக்கிற ஏதாவது விர்ச்சுவல் டெஸ்க்டாப்பிலா? "ஆஃப்ஷோர் சப்நெட்" என்று க்ளையண்ட் கொடுத்தது நம் ஊர் பிசிகளுடையதா, அவர்களுடைய விடிஐ (விர்ச்சுவல் டெஸ்க்டாப்) பூலுடையதா?

இதைக் கேட்டுக்கொண்டு வருவதற்குள் ஒரு வேலை செய். சாயங்காலம் மூன்றாவது மாடிக்கு ஏறிப் போய் யாராவது ஓர் ஏஜென்ட் பின்னால் நில். என்டரை விட்டுவிடு. அவர் பாலிசி எண்ணை அடிக்கும்போது எழுத்துகள் உடனே விழுகின்றனவா என்று மட்டும் பார். 3270-இல் என்டரோ பிஎஃப் (ஃபங்ஷன்) கீயோ தட்டும் வரை ஹோஸ்டுக்கு ஒரு எழுத்தும் போகாது. அடிப்பதெல்லாம் எமுலேட்டருக்கு உள்ளேயே நடக்கிற வேலை. அதுவே தாமதம் என்றால் சிஐசிஎஸ்ஸும் இல்லை, விடாமும் இல்லை, டெல்னெட் சர்வரும் இல்லை.


விடிஐ_டெஸ்க்

மாம்பலம் சார் சொல்வது நூற்றுக்கு நூறு. நான் சிட்ரிக்ஸ் (விர்ச்சுவல் டெஸ்க்டாப் மென்பொருள்) பக்கம். மெயின்ஃப்ரேம் டிக்கெட் என்று பெயர் போட்டு எங்களிடம் வந்து சேர்வதில் பாதி இதுதான்.

எமுலேட்டர் டெஸ்க்டாப் அமெரிக்க டேட்டா சென்டரில், மெயின்ஃப்ரேமுக்குப் பக்கத்திலேயே ஓடும். டெல்னெட் சர்வர் டெஃபினிட் ரெஸ்பான்ஸ் கேட்டால் பதில் சொல்வது அந்த எமுலேட்டர். அங்கிருந்து சென்னைக்கு வருவது 3270 டேட்டா இல்லை, படம். அந்தப் படம் வந்து சேர்வதற்கு முன்பே உங்கள் மானிட்டரின் கடிகாரம் நின்றிருக்கும். ஏஜென்டுக்கு எக்ஸ் கடிகாரம் நான்கு விநாடி நின்றது என்றால், எக்ஸ் உள்ள ஃப்ரேம் வந்துவிட்டது, அடுத்த ஃப்ரேம் வரவில்லை, அவ்வளவுதான். அங்கே எமுலேட்டரில் எக்ஸ் எப்போதோ போயிருக்கும்.

சிட்ரிக்ஸ் என்றால் டைரக்டர் என்ற அதன் கண்காணிப்புத் திரையில் ஐசிஏ ஆர்டிடி என்று ஓர் எண் இருக்கும். யூசர் கீ தட்டியதிலிருந்து அதற்கான மாற்றம் அவர் திரையில் வரும் வரை ஆகும் நேரம். அதை உங்கள் 10 நிமிட ஜன்னலோடு நேரம் ஒத்துப்போகும்படி எடுத்து வையுங்கள். நேர மண்டலத்தில் கவனம் தேவை. ஒன்று ஈஸ்டர்ன் டைமிலும் இன்னொன்று யூடிசியிலும் இருந்து, "பொருந்தவில்லையே" என்று முட்டிக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: அதே டெஸ்க்டாப்பில் ஏஜென்ட்கள் வேறு என்ன திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். டிரெய்னிங் வீடியோ, ஸ்கேன் செய்த க்ளெய்ம் படிவம், ஹெட்செட் ஆடியோ. எல்லாம் ஒரே குழாயில்தான் வருகின்றன.


ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்

சார், மாடிக்குப் போனேன்.

ஒரு அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பத்து இலக்க பாலிசி எண். அவங்க விரல் பாட்டுக்கு நம்பர் பேடில் ஓடி முடிந்துவிட்டது. திரையில் முதல் மூன்று எழுத்து விழுந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை, அப்புறம் மீதி ஏழும் ஒரே கொத்தாக வந்து விழுந்தன. அவங்க அதைப் பார்க்கக்கூட இல்லை, என்டர் தட்டிவிட்டு பேப்பர் கோப்பைப் புரட்டத் தொடங்கிவிட்டாங்க. "எப்பவும் இப்படித்தான் தம்பி, நாலு மணிக்கு மேல நம்பர் சரியா விழுந்துச்சான்னு பார்த்துட்டு என்டர் தட்டினா அன்னிக்கு டார்கெட் முடியாது"ன்னு சொன்னாங்க. எக்ஸ் வந்தது. நிற்பது போலவும் இருந்தது. ஆனால் அது நிற்கும்போது மவுஸை அசைத்தால் மவுஸ் அம்பும் நகரவில்லை.

விடிஐதான். எமுலேட்டர் அமெரிக்காவில் ஓடுகிறது. நான் மானிட்டர்மேப்பில் கட்டிய சப்நெட் விடிஐ பூலுடையது. க்ளையண்ட் ஆவணத்தில் அதற்குப் பெயரே "ஆஃப்ஷோர் யூசர்ஸ்". யாரும் பொய் சொல்லவில்லை.

ஐசிஏ ஆர்டிடி கேட்டு வாங்கினேன். காலையில் 250 மில்லிசெகண்டு அளவில் அமைதியாக இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல் அலையாக ஏறி, சில நிமிடங்களுக்கு 3 விநாடியைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. அதே நிமிடங்களில் டெல்னெட் சர்வர் மொத்தம் 0.14 என்கிறது. இரண்டையும் ஒரே தாளில் மேலே கீழே போட்டதும் மீட்டிங்கில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பில்டிங்கிலிருந்து போகும் லிங்க்கில் நான்கு மணிக்கு மேல் என்ன ஓடுகிறது என்று நெட்வொர்க் டீம் பார்த்துக்கொண்டிருக்கிறது. வேறு ஒரு பிராசஸ் ஃபைல் டிரான்ஸ்ஃபர் செய்கிறதாம், குவாலிட்டி ஆஃப் சர்வீஸ் மார்க்கிங் இல்லாமல். அது என் வேலை இல்லை, ஆனால் டிக்கெட் சரியான கியூவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டு கேள்வி மிச்சம். டெல்னெட் மானிட்டரிங்கை எடுத்துவிடலாமா? இங்கே அது ஒன்றும் சொல்லவில்லையே. எடுக்க வேண்டாம் என்றால், சென்னை முனையிலிருந்து அளக்க ஏதாவது வழி உண்டா? ஐசிஏ எண்ணை ஒவ்வொரு முறையும் க்ளையண்டிடம் கெஞ்சி வாங்க வேண்டியிருக்கிறது.


மாம்பலம்_விடாம்

எடுக்காதே. "ஒன்றும் சொல்லவில்லை" என்பது தப்பு. ஹோஸ்டும் டேட்டா சென்டர் லேனும் சுத்தம் என்று சொன்னது அதுதானே. அந்த 0.02 இல்லாவிட்டால் எமுலேட்டர் எங்கே ஓடுகிறது என்று நாம் யோசித்திருக்கவே மாட்டோம். நாளைக்கு டிபி2 டேட்டாபேஸ் பக்கம் ஏதாவது லாக் வந்து 0.12 என்பது 2 ஆனால் முதலில் காட்டப்போவதும் அதுதான்.

ஆனால் ரிப்போர்ட்டில் அந்த எண்ணின் தலைப்பை மாற்று. "சென்னை யூசர் ரெஸ்பான்ஸ் டைம்" என்று போட்டிருப்பாய். "விடிஐ டெஸ்க்டாப்பிலிருந்து சிஐசிஎஸ் போய் வர" என்று போடு. கொஞ்சம் நீளம், பரவாயில்லை. அந்தத் தலைப்பு இருந்திருந்தால் முதல் வாரமே யாராவது, அப்போ டெஸ்க்டாப்பிலிருந்து சென்னை வரைக்கும் யார் பார்க்கிறது என்று கேட்டிருப்பார்கள்.

குரூப்பையும் பிரி. அமெரிக்க ஆபீஸில் சொந்த பிசியில் எமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மானிட்டர்குரூப், விடிஐ பூலுக்கு ஒன்று. விடிஐ குரூப்பில் ஐபி நேரம் எப்போதும் 0.02-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். அது ஏறினால் டேட்டா சென்டருக்கு உள்ளேயே கோளாறு, அல்லது அந்த டெஸ்க்டாப்புகள் சிபியு இல்லாமல் திணறி எமுலேட்டர் பதில் சொல்லத் தாமதிக்கிறது. பதில் சொல்வது டிசிபி அடுக்கு இல்லை, எமுலேட்டர் புரோகிராம். அதனால் டெஸ்க்டாப் திணறலும் அந்த எண்ணில் தெரியும்.

சென்னை முனையிலிருந்து அளக்க: எக்ஸ்3270 எமுலேட்டர் குடும்பத்தில் எஸ்3270 என்று திரை இல்லாத, ஸ்கிரிப்டால் ஓட்டுகிற ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் அது திருப்பித் தரும் ஸ்டேட்டஸ் வரியின் கடைசிப் புலம், அந்தக் கட்டளை முடிய எடுத்த விநாடி. என்டர் தட்டு, கீபோர்டு திறக்கும் வரை காத்திரு, எண்ணைக் குறித்துக்கொள். இதை விடிஐ டெஸ்க்டாப் ஒன்றுக்குள் ஓட விட்டால் டெல்னெட் சர்வர் சொல்வதை எமுலேட்டர் முனையிலிருந்து சரிபார்க்கலாம். ஃபயர்வால் அனுமதித்தால் சென்னையில் ஒரு பெட்டியில் வைத்து நேராக ஹோஸ்டுக்கும் ஓட்டு, அது கடல் தாண்டும் உண்மையான 3270 நேரத்தைக் கொடுக்கும். நீ பார்க்க விரும்புகிற படம் வந்து சேரும் நேரத்தை அது தராது, அதற்கு ஐசிஏ எண்தான். இரண்டுக்கும் தனி டெஸ்ட் யூசர் ஐடி வாங்கு. நிஜ பாலிசியைத் திறக்கும் ஐடியையும் அதன் பாஸ்வேர்டையும் ஸ்கிரிப்டில் எழுதி வைத்தால் ஆடிட்டர் உன்னைத் தேடி மூன்றாவது மாடிக்கே வருவார்.


விடிஐ_டெஸ்க்

ஐசிஏ எண்ணுக்குக் கெஞ்ச வேண்டாம் பாஸ். டைரக்டரில் வெறும் பார்வை உரிமை உள்ள ரோல் ஒன்று உண்டு, உங்கள் டெலிவரி க்ரூப்புக்கு (உங்கள் ஆட்களின் டெஸ்க்டாப் தொகுதி) மட்டும் கட்டிக் கொடுக்கலாம். அதைக் கேட்டு ரிக்வெஸ்ட் போடுங்கள். காரணம் என்ற இடத்தில் உங்கள் இரண்டு கிராஃபையும் இணைத்துவிடுங்கள்.